இருக்கிறதிலேயே ஃபாஸ்ட்டா ஒண்ணு குடுங்க

துணிக்கடைக்குப் போய் யாரும் "இருக்கிறதிலேயே நீளமான புடவை காட்டுங்க" என்று கேட்பதில்லை. ஆனால் கம்ப்யூட்டர் கடைக்கு வருகிற ஒவ்வொருவரும் கேட்பது அதைத்தான்.

துபாய் சத்வாவில், தையல் கடைகளுக்கு நடுவே இருக்கிறது நாங்கள் பிழைப்பு நடத்தும் கடை. முன்பக்கம் விற்பனை, பின்பக்கம் ரிப்பேர். மேனேஜர் பஷீர் மலையாளி. நாங்கள் எல்லோரும் பஷீர்க்கா என்போம். ரிப்பேர் மேஜையில் லாகூர்க்காரர் இம்ரான் பாய். கவுண்டரில் நான். ஊர் திண்டுக்கல். கணவருக்கு இங்கே குடோனில் வேலை, மகளுக்கு இங்கேயே பள்ளிக்கூடம். என் விசா இந்தக் கடையின் பேரில்.

நீங்களும் ஒருநாள் இப்படி ஒரு கவுண்டருக்கு முன்னால் நின்று, 'இந்தப் பொம்பளை உண்மையைச் சொல்கிறாளா, தலையில் கட்டப் பார்க்கிறாளா' என்று என் முகத்தை உற்றுப் பார்த்திருப்பீர்கள். அந்த நேரத்தில் நானும் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். விஷயம் கம்ப்யூட்டரைப் பற்றியதாக இருப்பது ரொம்பக் குறைவு.

ஏர்போர்ட்டுக்குப் போகிற வழியில்

முருகேசன் அண்ணன் புதுக்கோட்டைப் பக்கம். சாரம் கட்டும் வேலை. தொழிலாளர் கேம்ப்பிலிருந்து நேராக ஏர்போர்ட்டுக்குப் போகிற வழியில் கடைக்குள் ஓடிவந்தார். வெளியே பிக்கப்பில் அவர் கூட்டாளி ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தார். "யல்லா, யல்லா! ஃப்ளைட்ட விட்டுட்டு இங்கயே குடித்தனம் பண்ணப் போறியா?" என்ற சத்தம் கண்ணாடிக் கதவைத் தாண்டிக் கேட்டது. அண்ணனின் பார்வை நேரே ஷோகேஸுக்குப் போனது. அங்கே கேம் விளையாடுகிறவர்களுக்கான லேப்டாப் ஒன்று, கீபோர்டில் ஏழு கலர் விளக்கு ஓட, அம்மிக்கல் கனத்தில் உட்கார்ந்திருந்தது. "பொண்ணு பி.காம் சேந்திருக்கு. இதான் இருக்கிறதுலயே ஃபாஸ்ட்டா? இதையே குடுங்க."

பி.காமுக்கு இது எதற்கு என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. "பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேளுங்கண்ணே" என்றேன். வீடியோவில் அந்தப் பெண் வந்தது. "அப்பா, சின்னதா, வெயிட் இல்லாம வாங்குங்க. டவுன் பஸ்ல நின்னுகிட்டே போகணும்." அவ்வளவுதான், அண்ணன் போனை அணைத்துவிட்டார். பெரிய லேப்டாப்பை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். "அவ கேட்டது எனக்கும் காதுல விழுந்துச்சு மேடம். அவ பொறந்ததுலேர்ந்து நான் ஊர்ல இருந்தது லீவுக்கு லீவுதான். நான் வாங்கிக் குடுத்தேன்னு நாலு பேருக்குத் தெரியுற மாதிரி ஒண்ணு வேணும்."

வெளியே ஹாரன் நிற்கவில்லை. பஷீர்க்கா ஏற்கெனவே பில் போடும் இடத்தில் நின்றுகொண்டிருந்தார். வாயில் வந்ததைச் சொன்னேன். "அண்ணே, இது பெருசு. வீட்டு மேசையிலதான் கெடக்கும். சின்னது வாங்கினா தெனமும் உங்க பொண்ணு தோள்ல தெருவுல போகும், பஸ்ஸுல போகும், காலேஜுக்குள்ள போகும். எத்தனை பேர் பாப்பாங்க?" அவர் பெரியதை மெதுவாகக் கீழே வைத்தார். சின்னதை பில் போட்டு, பையில் வைத்துக் கொடுத்தோம். அவர் கதவு வரை போயும் விட்டார். அப்புறம் ஓடி வந்தார்: "மேடம், அந்தப் பெருசோட அட்டைப்பெட்டி மட்டும் ஒண்ணு காலியா கெடைக்குமா? எறங்குற ஏர்போர்ட்ல ஊர்க்காரங்க வந்து நிப்பாங்க."

ரூவியில் ஒரு சண்டை

எங்களுக்கு மஸ்கட்டில், ரூவியில் ஒரு கிளை உண்டு. அங்கே ஆள் லீவில் போயிருந்தபோது என்னைக் கொஞ்ச நாள் அனுப்பியிருந்தார்கள். ஒரு காலையில் கடையைத் திறந்ததும் திறக்காததுமாக ஒருவர் உள்ளே வந்தார். கையில் முந்தின வாரம் எங்களிடம் வாங்கிய, கடையிலேயே வேகமான மெஷின். அதைக் கவுண்டரில் வைத்த வேகத்தில் என் டீ தளும்பியது. "பழசைப் பாலிஷ் போட்டுக் குடுத்துட்டீங்க. என் பழைய மெஷின்ல எப்படிப் படம் நின்னு நின்னு ஓடுச்சோ, இதுலயும் அப்படியேதான் ஓடுது. போலீசுக்குப் போறேன்!" தமிழில் ஆரம்பித்து இந்தியில் உயர்ந்து, அரபியில் போய் முடிந்தது அவர் கோபம். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். எனக்கோ புது ஊர், புது ஆட்கள். போதாததற்குப் போலீஸ் வேறு. மெஷினைக் கடை நெட்டில் இணைத்தேன். படம் அருவி மாதிரி ஓடியது. வீட்டில் என்ன நெட் வைத்திருக்கிறார் என்று விசாரித்தால், இருப்பதிலேயே சின்ன பேக்கேஜ். அதையும் பக்கத்து ரூம்காரர்களோடு பங்கு போட்டிருந்தார். குதிரையை வாங்கி சந்துக்குள் கட்டிப்போட்டால் எங்கே ஓடும் என்று எப்படி இவருக்குச் சொல்வது? சொன்னேன், கொஞ்சம் மரியாதையாக. அவர் கோபம் தணியவில்லை, திசை மட்டும் மாறியது: "அப்ப நெட்டையும் சேத்து வித்திருக்கணும்ல? அரைக் கம்ப்யூட்டரை வித்துட்டுப் பேச்சு என்ன பேச்சு?"

தம்மாம் இன்டர்வியூ

ரமணன் சார் கோயமுத்தூர்க்காரர். கட்டுமானக் கம்பெனியில் அளவு எடுத்து மதிப்புப் போடும் இன்ஜினியர். கம்பெனி ஆள் குறைத்ததில் வேலை போய்விட்டது. விசா முடிய இருந்தது. அதற்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் மனைவி, குழந்தையோடு ஊருக்கு விமானம் ஏற வேண்டியதுதான். அவர் கடைக்குள் வந்தது ஒரு மதியம். துணிப்பையில் பழைய லேப்டாப். முகத்தில் ரத்தமே இல்லை. "சாயங்காலம் தம்மாம்லேர்ந்து ஆன்லைன்ல இன்டர்வியூ. போன தடவை ஒரு இன்டர்வியூல நான் பாதி பேசிட்டு இருக்கும்போதே படம் உறைஞ்சு போச்சு. திரும்பி வர்றதுக்குள்ள அவங்க போயிட்டாங்க. என்ன இருக்கோ, அதுல ஃபாஸ்ட்டானதைக் குடுங்க. கார்டுல தேய்ச்சுக்கங்க." வேலை இல்லாத மனிதர். கார்டை நீட்டிக்கொண்டு நின்றார்.

பஷீர்க்கா கண்ணாலேயே எனக்கு ஜாடை காட்டினார்: வாங்கு. நான் கார்டை வாங்காமல் லேப்டாப்பை வாங்கினேன். இம்ரான் பாய் அடியைத் திறந்ததும், "தேக்கோ பெஹென்", பார் சகோதரி, என்று காட்டினார். விசிறி முழுக்க பாலைவனம் குடியிருந்தது. மூச்சுவிட வழியில்லாமல் சூடேறி சூடேறித்தான் அது மெதுவாகியிருக்கிறது. ஆனால் படம் உறைந்ததற்கு அது மட்டும்தான் காரணமா? விசாரித்தேன். அவர்கள் ஒரு பழைய வில்லாவில் பல குடும்பங்களோடு இருக்கிறார்கள், ஒரே நெட். சாயங்காலம் எல்லோரும் வீட்டில் இருக்கும் நேரம். புது மெஷினை வாங்கிக்கொண்டு அதே அறைக்குப் போனாலும் அதேதான் நடக்கும். அதைச் சொன்னபோது அவருக்கு என் மேல் நம்பிக்கை வரவில்லை. "மேடம், தப்பா ஆச்சுன்னா நீங்களா பொறுப்பு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. "இங்கேயே உக்காந்து பேசுங்க சார். எங்க கேபிள்ல" என்றேன்.

பின்னால் ஸ்டோர் ரூம். அட்டைப்பெட்டிகளைச் சுவரோடு தள்ளி ஒரு மேஜை போட்டோம். இம்ரான் பாய் தூசியை ஊதித் தள்ளிவிட்டு, விசிறிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, கேபிளைச் சொருகினார். கடை டிவிக்களை எல்லாம் ஊமையாக்கினோம். வந்த வாடிக்கையாளர்களிடம் நான் கோயிலில் பேசுவது போலக் கிசுகிசுத்தேன். கதவு இடுக்கில் ரமணன் சாரின் குரல் கேட்டது, நன்றாகத்தான் பேசினார். அவர் போன் அணைந்திருந்ததால் அவர் மனைவி கடை எண்ணுக்கு அழைத்துக்கொண்டே இருந்தார். "பேசுறாரா? குரல் விட்டு விட்டு வருதா? படம் நிக்குதா?" என்று அந்தப் பக்கம். "இல்லம்மா, நல்லாப் போகுது" என்று நான். அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே உள்ளே சத்தம் நின்றுவிட்டது. ஒரு சொல் இல்லை. இம்ரான் பாய் ஸ்க்ரூ டிரைவரைப் பிடித்த கை அந்தரத்தில் நிற்க என்னைப் பார்த்தார். பஷீர்க்கா என்னைப் பார்த்த பார்வை வேறு. 'நீங்களா பொறுப்பு' என்ற கேள்விதான் என் காதில் திரும்பத் திரும்ப விழுந்தது. ஓடிப்போய் கதவைத் திறக்கலாமா? திறந்து என்ன செய்வது? அப்புறம் மறுபடி அவர் குரல் வந்தது, முன்னைவிட மெதுவாக.

வெளியே வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "மெஷின் நிக்கல மேடம். நான்தான் ஒரு கேள்வியில நின்னுட்டேன்" என்றார். லேப்டாப்பைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, நன்றி சொல்லக்கூட மறந்து நடந்துபோனார். அந்த வாரம் முழுக்க எனக்கு அதே யோசனை. ஒருவேளை அவர் கேட்டதையே கொடுத்திருந்தால், கையில் புதுசு இருக்கிறது என்ற தைரியத்திலாவது பதில் சொல்லியிருப்பாரோ? ஒரு நாள் அவர் மனைவி கடைக்கே வந்தார், கையில் ஸ்வீட் டப்பாவோடு. வேலை கிடைத்துவிட்டது, அவர் தம்மாம் போகிறார். நான் அந்தக் கேள்வியைப் பற்றிக் கேட்டேன். அந்த அம்மா சிரித்தார்: "அதுக்குத்தான் எடுத்தாங்களாம் மேடம். வந்தவங்க எல்லாம் எதையோ அளந்து விட்டிருக்காங்க. இவர் மட்டும்தான் யோசிச்சுப் பாத்துட்டு தெரியாதுன்னு சொன்னாராம்."

போய்விட்டவர்கள்

சென்னையிலிருந்து வந்து இங்கே நிதி நிறுவனம் ஒன்றில் வேலை செய்யும் அப்பா. பத்தாவது படிக்கும் மகன். இருவரும் சண்டையோடுதான் கடைக்குள் வந்தார்கள். மகனுக்கு வேண்டியது பெரிய கிராபிக்ஸ் கார்டு வைத்த மெஷின். "ஸ்கூல் ப்ராஜெக்டுக்கு" என்றான் என்னிடம். "ப்ராஜெக்டா? எந்த ப்ராஜெக்ட்டுக்குடா நாள் பூரா துப்பாக்கிச் சத்தம் கேக்குது?" என்றார் அப்பா. "யூ டோன்ட் அண்டர்ஸ்டாண்ட் எனிதிங், அப்பா." "எனக்குப் புரியாதா? இங்கிலீஷ்ல கத்தினா எனக்குப் புரியாதா?" அவர் கை ஓங்கவில்லை; ஆனால் ஓங்கிவிடுவாரோ என்று நான் கவுண்டரைச் சுற்றி வெளியே வந்துவிட்டேன். பையன் கண்ணில் நீர் கோத்திருந்தது. மற்ற வாடிக்கையாளர்கள் வேறெங்கோ பார்த்தார்கள்.

அப்போதுதான் அவன் சொன்னான். கத்தவில்லை, தரையைப் பார்த்துச் சொன்னான். "மை ஃப்ரெண்ட்ஸ் ஆர் ஆல் கான். ரோஹனோட அப்பாவுக்கு வேலை போச்சு, புனே போயிட்டான். ஃபைசல் கனடா. விக்னேஷ் கத்தார். கேம்லதான் அப்பா நாங்க மீட் பண்றோம். என்னோடது ஹேங் ஆகி ஹேங் ஆகி டீம் தோக்குது. இனிமே நீ வராதேன்னு சொல்லிட்டாங்க."

இந்த ஊரில் பிள்ளை வளர்க்கிறவர்களுக்கு இது தெரியும். ஒவ்வொரு கோடை விடுமுறைக்குப் பிறகும் வகுப்பில் சில நாற்காலிகள் காலியாக இருக்கும். என் மகளும் வந்து சொல்லுவாள். நான்தான் அந்த கேம் என்னவென்று கேட்டுப் பார்த்தேன். அதற்குப் பெரியது தேவையே இல்லை, நடுத்தரமானது தாராளம். அதைச் சொன்னேன். இருவருமே என்னைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அந்த அப்பா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு மகன் எதிரே உட்கார்ந்தார். "யார் யார் எங்கெங்க போனாங்கன்னு ஒவ்வொருத்தன் பேராச் சொல்லுடா" என்றார்.

வாசித்துக் காட்டும் குரல்

ஒரு யாழ்ப்பாணத்துத் தம்பதி. கணவர் கட்டட வரைபடம் போடுபவர். மனைவிக்குப் பார்வை இல்லை. வீட்டிலிருந்தபடியே ஒரு கம்பெனிக்கு வாடிக்கையாளர் கடிதங்களுக்குப் பதில் எழுதும் வேலை. திரையில் இருப்பதை மெஷின் குரலில் வாசித்துக் காட்டும், அவர் கேட்டுக்கேட்டுத் தட்டச்சு செய்வார். கணவர் தீர்மானமாக வந்திருந்தார். "எனக்கு நல்ல பவரான மெஷின் ஒண்டு. இவவுக்கு சும்மா கடிதம் எழுதத்தானே, ஆகச் சின்னதா ஒண்டு காணும்." காணும் என்றால் அவர்கள் பேச்சில் போதும் என்று அர்த்தம். பஷீர்க்காவும் தலையாட்டினார். கேட்கிற யாருமே தலையாட்டுவார்கள். படம் வரைகிறவருக்குப் பெரியது, கடிதம் எழுதுகிறவருக்குச் சின்னது.

அந்த அம்மா மட்டும், "ஒருக்கா தட்டிப் பார்க்கலாமோ?" என்றார். சின்ன மெஷினில் அந்தக் குரல் மென்பொருளைப் போட்டுக் கொடுத்தேன். அவர் தட்டினார். விரல் வேகமாகப் போனது. குரல் பின்னால் இழுத்துக்கொண்டு வந்தது. அவர் நிறுத்தினார், காத்திருந்தார், மறுபடி தட்டினார். நெற்றியில் சுருக்கம். கணவர், "காணும்தானே? வாங்கோ, நேரம் போகுது" என்றார். அந்த அம்மா எழுந்திருக்கவில்லை. "என்ர பழசும் இப்பிடித்தான் பிந்திப் பிந்திக் கதைக்குது. அதாலதான் ரெண்டு தரம் பிழையான ஆளுக்குக் கடிதம் போட்டனான். ரெண்டு தரமும் எச்சரிக்கை தந்தவை. மூண்டாந்தரம் வேலை போகும். நான் உங்களுக்குச் சொல்லேல்லை." கணவரின் முகம் மாறியது. அவருக்கு அது அப்போதுதான் தெரிந்திருக்கிறது. அதுவும் கடைக்காரி முன்னால். கோபமா, வெட்கமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

நான் பெரியதிலும் அந்தக் குரலைப் போட்டு அந்த அம்மாவின் கையருகே வைத்தேன். தட்டினார், விரலோடு ஒட்டிக்கொண்டே குரல் வந்தது. அந்த அம்மாவின் தோள்கள் இறங்கியதைப் பார்த்தேன். ஆமாம், சிலருக்கு வேகம் தேவைதான். இதை நான் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. ஆனால் தேவைப்படுகிறவர் யாரென்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட முடியாது. கணவர் பஷீர்க்காவிடம் மெதுவாக, "பெருசை இவவுக்குக் குடுங்கோ, என்ர பழசு இன்னும் கொஞ்ச நாள் ஓடும்" என்றார். "நிக்குது நிக்குது எண்டு தினமும் அதோட சண்டை பிடிக்கிறீங்களே?" என்று அவர் மனைவி கேட்டார்; பிறகு என் பக்கம் திரும்பினார்: "அவருக்கு மெஷின் நிண்டால் கோபம்தான் வரும், தங்கச்சி. எனக்கு மெஷின் நிண்டால் எல்லாமே நிண்டு போகும்."

ஈ.சி.ஜி.

இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன கிளினிக். அதன் முதலாளி எல்லா கம்ப்யூட்டரையும் ஒரே நாளில் மாற்றச் சொல்லியிருந்தார். "எல்லாம் புதுசு, எல்லாம் டாப்" என்பது அவர் உத்தரவு. இம்ரான் பாயும் நானும் காலையிலேயே போய் எல்லாவற்றையும் பொருத்திவிட்டோம். பழையவற்றைச் சுற்றிக் கட்டி, டீ போடும் அறையில் அடுக்கியிருந்தோம். எங்கள் கருவிப் பெட்டியை மூடப் போகிற நேரத்தில், பக்கத்துத் தையல் கடையின் கட்டிங் மாஸ்டர் செல்வத்தை இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார்கள். என் மகளின் ஸ்கூல் யூனிபார்ம் தைப்பவர் அவர்தான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஏசி ஓடும் இடத்தில் வேர்த்துக் கொட்டியது.

டாக்டர் கஸ்தூரி மதுரைக்காரர். மாத்திரை கொடுத்தார், ஆம்புலன்சுக்குச் சொல்லச் சொன்னார், ஈ.சி.ஜி. வயர்களை நர்ஸ் ஒட்டினார். ஈ.சி.ஜி. பெட்டி கம்ப்யூட்டரில் சொருகினால்தான் வேலை செய்யும். அதன் பிளக் பழைய காலத்து அகலமான வகை. புது மெஷினில் அதற்குத் துளையே இல்லை. இம்ரான் பாய் இடையில் ஒரு அடாப்டரைப் போட்டுப் பார்த்தார். கருவி இல்லை, என்றது புதுத் திரை, கண்ணிமைக்கும் நேரத்தில். மறுபடி போட்டார். மறுபடியும் அதே வேகத்தில் இல்லை என்றது. "ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள இது ஹார்ட்டான்னு தெரிஞ்சா, எந்த ஆஸ்பத்திரி, என்ன ரெடியா வைக்கணும்னு இப்பவே சொல்லிடுவேன். சீக்கிரம்!" என்றார் டாக்டர். இம்ரான் பாய் டீ அறைக்கு ஓடினார். சுற்றியிருந்த பிளாஸ்டிக்கைப் பல்லால் கிழித்து, பழையதை ஒரு நாற்காலியில் வைத்து, கேபிளைச் சொருகி, பட்டனை அழுத்தினார்.

அது எழுந்திருக்க எடுத்துக்கொண்ட நேரம் இருக்கிறதே! விசிறி பெருமூச்சு விட்டது. கறுப்புத் திரை. வெள்ளை எழுத்து. மறுபடி கறுப்பு. எல்லோரும் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். செல்வம் அரைக் கண்ணில் என்னைப் பார்த்து, "மேடம், துணியை வெட்டி அப்படியே போட்டுட்டு வந்துட்டேன். பீஸ் மாறிடப் போகுது, யாரையும் தொட வேண்டாம்னு சொல்லுங்க" என்றார். "பேசாதீங்க அண்ணே" என்றேன். இம்ரான் பாயின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. நானும் பழனி முருகனைக் கூப்பிட்டுக்கொண்டுதான் நின்றேன். கடைசியில் திரை விடிந்தது. ஈ.சி.ஜி. ஐகானை டாக்டர் அழுத்தினார். கோடு ஓட ஆரம்பித்தது. டாக்டர் ஒரே பார்வை பார்த்துவிட்டுப் போனை எடுத்துவிட்டார். ஆம்புலன்ஸ் வாசலில் நின்றபோது எந்த ஆஸ்பத்திரி என்று முடிவாகியிருந்தது; அங்கே ஆட்கள் தயாராக நின்றார்களாம்.

செல்வம் பிழைத்துக்கொண்டார். இப்போதும் அதே கடையில்தான் வெட்டிக்கொண்டிருக்கிறார், கொஞ்சம் இளைத்துப்போய். அன்று சாயங்காலம் கிளினிக் முதலாளி வந்தார். புது மெஷின் மேஜைக்கு அடியில், கிழிந்த பிளாஸ்டிக்கோடு பழையது நடு மேஜையில். முகம் சுளித்து, "இவ்வளவு ஃபாஸ்ட்டானதை வாங்கிப் போட்டும் ஏன் இந்தக் குப்பை மேலே இருக்கு?" என்றார். டாக்டர் கை கழுவிக்கொண்டே பதில் சொன்னார்: "அது மெதுவாத்தான் சார் வந்துச்சு. ஆனா வந்துச்சு."

கண்ணாடி அறை

அதற்குப் பிறகு ஒருநாள் பஷீர்க்கா என்னைத் தன் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார். அந்த அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினால், ஆள் திரும்பி வரும்போது பெரும்பாலும் கையில் பை இருக்கும். எனக்கு முன் கவுண்டரில் நின்ற மங்களூர்ப் பெண் அப்படித்தான் போனாள். கலாஸ், கதை முடிந்தது, என்று நினைத்துக்கொண்டேன். விசா போனால் மகளின் பள்ளிக்கூடம் என்ன ஆகும், கணவரின் ஒரு சம்பளத்தில் வாடகை எப்படி என்றெல்லாம் நாலடி நடப்பதற்குள் மனசில் ஓடியது. கண்ணாடிக்கு வெளியே இம்ரான் பாய் வேலை செய்வது போல பாவனை பண்ணிக்கொண்டு எங்களையே பார்த்தார்.

"சிஸ்டர், பெருசு கேட்டு வர்றவங்களை நீ சின்னதுக்கு இறக்குற. கம்பெனி எனக்கு டார்கெட் தந்திருக்கு. ஞான் என்ன செய்யும்?" என்றார். "இறக்கினவங்க திரும்பி வர்றாங்க இக்கா. தம்பி, மச்சான், ரூம்காரன்னு கூட்டிட்டு வர்றாங்க" என்றேன். அவர் மேஜை மேலிருந்த பேப்பர் வெயிட்டை உருட்டினார். எழுந்துபோய் கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார்.

திரும்பி வந்து போனை எடுத்து என் முன்னால் நீட்டினார். அவர் மகளின் மெசேஜ். அவள் கோழிக்கோட்டில் நர்சிங் சேர்ந்திருக்கிறாள். ஷோகேஸில் விளக்கு எரிகிற அதே மாடலின் படத்தைத் தேடி அனுப்பி, இதுதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாளாம். பஷீர்க்கா குரலைத் தாழ்த்தினார்: "நீ மத்தவங்ககிட்ட சொல்றதை என் மோள்கிட்டயும் ஒண்ணு சொல்லித் தா சிஸ்டர். பின்னே, இது வெளிய யாருகிட்டயும் பறையண்டா, கேட்டோ."

இத்தனை வருஷம் வேகம் விற்றதில் நான் கண்டது, வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு வேண்டியது வேறு எதுவோ, அதை இன்னும் எந்தக் கம்பெனியும் தயாரிக்கவில்லை, தயாரித்தால் அதிலும் 'இருக்கிறதிலேயே பெருசா ஒண்ணு' என்றுதான் கேட்பார்கள்.